தவறை ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும்?

1969 ஜூலை 17 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் ஒரு திருத்தம் வெளியிட்டது. அப்போலோ 11 அதற்கு முந்தைய நாள்தான் நிலவை நோக்கிப் புறப்பட்டிருந்தது. திருத்தப்பட்ட பிழையோ 1920 ஜனவரி 13 அன்று அதே நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் வந்தது. காற்றே இல்லாத வெளியிலும் ராக்கெட் செல்லும் என்று சொன்ன பேராசிரியர் ராபர்ட் காடர்டை, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் அறிவியல்கூடத் தெரியாதவர் என்று அந்தக் குறிப்பு எள்ளி நகையாடியிருந்தது. ராக்கெட் உந்திச் செல்வதற்குப் பின்னால் காற்று இருந்தாக வேண்டும் என்பது அதை எழுதியவரின் நினைப்பு. உண்மையில், வெளியேறும் வாயுவே எதிர்விசையால் ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. காற்று இருந்தால் இடைஞ்சல்தான்.

காடர்ட் 1926-ல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். 1945-ல் இறந்துவிட்டார். 49 ஆண்டுகள் கழித்து வந்த திருத்தத்தை இதழியல் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தத் திருத்தம் யாருக்குப் பயன்பட்டது?

பிழையை ஒப்புக்கொள்வதை நாம் பெருந்தன்மையின் கணக்கில் வரவு வைக்கிறோம். ஒப்புக்கொண்டாரா, இல்லையா என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறோம். எப்போது ஒப்புக்கொண்டார், அதற்குள் யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்ற கேள்விகள் எழுவதில்லை. பிழைக்கும் ஒப்புதலுக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து பார்த்தால், ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த இடைவெளி குறைந்த இடங்களிலெல்லாம் மனிதர்கள் திடீரென்று உத்தமர்களாகிவிடவில்லை. ‘தப்பு நடந்துவிட்டது’ என்று சொல்பவரின் தலை தப்புவதற்கு அங்கே யாரோ ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள்.

ஐன்ஸ்டைன் அடித்த வரி

அறிவியல் உலகத்துக்கு இப்படி ஒரு வழி ஓரளவு பழகிப்போன ஒன்று. 1922-ல் ரஷ்யக் கணிதவியலர் அலெக்ஸாண்டர் ஃபிரீட்மன், பிரபஞ்சம் விரிவடைந்துகொண்டோ சுருங்கிக்கொண்டோ இருக்க முடியும் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே கணக்கிட்டுக் காட்டினார். பிரபஞ்சம் மாறாமல் நிலையாக இருக்கிறது என்று நம்பிய ஐன்ஸ்டைன், ஃபிரீட்மனின் கணக்கில் தவறு இருப்பதாக அதே ஆய்விதழில் சிறு குறிப்பு எழுதினார். உலகமே கொண்டாடும் ஒருவர், பெயர் தெரியாத ஒருவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அதோடு கதை முடிந்திருக்கலாம்.

ஃபிரீட்மன் கடிதம் எழுதி விளக்கினார். 1923 மே மாதம், ஹாலந்தின் லைடன் நகரில் ஃபிரீட்மனின் சக ஆய்வாளர் யூரி குருட்கோவ் நேரில் சந்தித்து ஐன்ஸ்டைனிடம் எடுத்துச் சொன்னார். கணக்கில் சறுக்கியது தானே என்பது ஐன்ஸ்டைனுக்குப் புரிந்தது. அந்த மாதமே இன்னொரு குறிப்பு எழுதி, முந்தைய விமர்சனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இடைவெளி ஓராண்டுகூட இல்லை. அந்தக் குறிப்பின் கையெழுத்துப் பிரதியில் வேறொரு செய்தியும் இருக்கிறது. இந்தக் கணிதத் தீர்வுக்கு இயற்பியல் பொருள் இருப்பது அரிது என்ற கருத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு, அச்சுக்குப் போகும் முன் அவரே அடித்துவிட்டார். பிரபஞ்சம் விரிவடைவதை அவர் அப்போதும் நம்பவில்லை. ஆனால், நம்பாததை எல்லாம் தவறு என்று அச்சில் ஏற்ற வேண்டுமா என்ற தயக்கம் வந்துவிட்டது. 1929-ல் எட்வின் ஹப்பிளின் அவதானிப்புகள் வந்தபோது, அந்தத் தயக்கம்தான் சரி என்று ஆனது. ஃபிரீட்மன் அதைப் பார்க்கவில்லை. 1925-லேயே டைஃபாய்டு காய்ச்சலில் மறைந்துவிட்டார். என்றாலும், தன் கணக்கு சரி என்பதை ஐன்ஸ்டைனின் எழுத்திலேயே பார்த்துவிட்டுத்தான் போனார்.

2018-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரான்சஸ் ஆர்னால்டு, 2020-ன் தொடக்கத்தில் தன் குழுவின் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெற்றார். ‘சயன்ஸ்’ இதழில் அது வெளியாகி எட்டு மாதங்கள்கூட ஆகவில்லை. சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் இருந்திருக்க வேண்டிய பதிவுகள் சில இல்லை. கட்டுரையை அனுப்பிய காலத்தில் வேறு வேலைகளில் மூழ்கியிருந்ததால் தன் பொறுப்பைச் சரியாகச் செய்யவில்லை என்று சமூக ஊடகத்தில் அவரே எழுதினார். நோபல் பரிசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பணிக்காலத் தொடக்கத்தில், வேலை நிரந்தரமாகாத ஓர் இளம் ஆய்வாளர் இதே வரியை எழுதியிருந்தால் இவ்வளவு பாராட்டு கிடைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்ள ஆகும் செலவு எல்லோருக்கும் ஒன்றல்ல.

பத்து நாள் கெடு

அந்தச் செலவைத் திட்டமிட்டே குறைத்த துறை ஒன்று உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனுக்கு அருகே தரையிறங்க வந்த டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியா மாநிலத்து மலை ஒன்றில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். தரையிறங்கும் வழிமுறைக்குக் கட்டுப்பாட்டு அறை அளித்த அனுமதியை, ‘இனி எந்த உயரத்துக்கு வேண்டுமானாலும் இறங்கலாம்’ என்று விமானிகள் புரிந்துகொண்டதே காரணம். விசாரணையில் அதைவிட அதிர்ச்சியான ஒன்று வெளிவந்தது. ஆறு வாரங்களுக்கு முன்பு, யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்றும் இதே இடத்தில் இதே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டு மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்காமல் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால், அந்தச் செய்தி அடுத்த நிறுவனத்தின் விமானி அறைக்குப் போய்ச்சேர ஒரு பாதை இல்லை.

1976-ல் அந்தப் பாதை உருவானது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பும் திட்டம் அது. உரிமம் வழங்குவதும் பறிப்பதும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வேலை. அதனிடமே போய் ‘நான் தவறு செய்தேன்’ என்று யார் சொல்வார்கள்? ஆகவே, தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. அறிக்கையிலிருந்து பெயரும் அடையாளமும் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத விதிமீறலாக இருந்து, பத்து நாட்களுக்குள் எழுதிவிட்டால் அபராதமோ உரிம ரத்தோ கிடையாது. குற்றச் செயல்களுக்கும் விபத்துகளுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. இன்றுவரை பல லட்சம் அறிக்கைகள் வந்து குவிந்திருக்கின்றன.

ஒப்புதலுக்கு வழி செய்தது போதாது, ஐயத்தைக் காது கொடுத்துக் கேட்கவும் பழக வேண்டும் என்பதை அடுத்த ஆண்டே ஒரு விபத்து உணர்த்தியது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் பனிமூட்டம் சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிகக் கொடிய விபத்து இதுதான். கிளம்பும் அனுமதி கிடைப்பதற்கு முன்பே கேஎல்எம் விமானத்தின் தலைமை விமானி வேகமெடுத்தார். எதிரே இருக்கும் பான் ஆம் விமானம் ஓடுபாதையைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். அதெல்லாம் விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். அவர் சாதாரண விமானி அல்லர். கேஎல்எம் நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். பொறியாளர் மறுபடி வாய் திறக்கவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

இதையும் இதுபோன்ற விபத்துகளையும் ஆராய்ந்த பிறகு, விமானி அறையில் பேசும் முறையே பாடமாக்கப்பட்டது. இளையவர் தன் ஐயத்தை எப்படித் தெளிவாகச் சொல்வது, மூத்தவர் அதை எப்படிக் கேட்பது என்பதை இன்றைக்கு உலகெங்கும் விமானிகள் பயிற்சி எடுத்துக் கற்கிறார்கள். பணிவு என்பது பிறவிக் குணமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைப் பயிற்சியால் பழக்க முடியும் என்று அந்தத் துறை முடிவுசெய்துவிட்டது.

98 சதவீதமும் மீதி இரண்டும்

நம் நாட்டில் இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள சந்திரயான் ஒரு நல்ல உதாரணம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, நிலவின் தரைக்கு 2.1 கி.மீ. உயரத்தில் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டருடன் தொடர்பு அறுந்துபோனது என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரங்கள் கழித்து, திட்டம் 98 சதவீதம் வெற்றி என்று இஸ்ரோ தலைவராக இருந்த கே.சிவன் சொன்னார். ஆர்பிட்டர் நன்றாகவே வேலை செய்தது என்பது உண்மை. ஆனால், நாடே விழித்திருந்து பார்த்தது மீதி இரண்டு சதவீதத்தைத்தான். சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசாவின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து லேண்டரின் சிதறல் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. தன் ஆர்பிட்டர் முன்பே கண்டுவிட்டதாக இஸ்ரோ பதிலளித்தது. தோல்வி ஆய்வு அறிக்கை முழுமையாக வெளியிடப்படவில்லை.

வெளியே இப்படித் தயங்கிய அதே நிறுவனம், உள்ளே தன்னிடம் நேர்மையாக இருந்தது. 2023 ஜூலையில், அப்போதைய தலைவர் எஸ்.சோமநாத் நடந்ததை வெளிப்படையாக விளக்கினார். ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன; சிறுசிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன; அவற்றைச் சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருள் விதித்திருந்த வரம்பு தடுத்தது; இறங்க ஒதுக்கியிருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் மட்டுமே. எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்குவது என்று யோசித்து வடிவமைத்தது சந்திரயான்-2. எவையெல்லாம் கெட்டுப்போகலாம் என்று யோசித்து வடிவமைத்தது சந்திரயான்-3. இதுவே அவர் சொன்னதன் சாரம்.

இறங்கும் இடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரிந்தது. கால்கள் வலுவாக்கப்பட்டன. எரிபொருள் கூடியது. வேகத்தை அளக்க லேசர் கருவி சேர்ந்தது. இன்ஜின்கள் நான்காகக் குறைந்தன. விழுப்புரத்துக்காரரான ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, 2023 ஆகஸ்ட் 23 மாலை லேண்டர் நிலவில் மெதுவாக இறங்கியது. நான்கு ஆண்டுகளில் பிழை பாடமாகிவிட்டது. 2019-லேயே வெளிப்படையாகப் பேசியிருந்தால் வெற்றி முன்கூட்டியே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வின் தோல்விக் காரணத்தை மக்கள் அப்போதே அறிந்திருப்பார்கள். மற்ற பொறியாளர்களும் கற்றிருப்பார்கள்.

பதவி விலகல் எனும் பாதி விடை

பொதுவாழ்வில் பிழைக்குப் பொறுப்பேற்பது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது 1956 நவம்பரில் நடந்த அரியலூர் ரயில் விபத்து. மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த அந்த விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்றுவரை ஒவ்வொரு ரயில் விபத்தின்போதும் அந்த விலகல் பேசப்படுகிறது. பேசப்பட வேண்டியதும்தான். ஆனால், அமைச்சர் போனால் பாலம் பலமாகிவிடாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் பதவி ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பது பலருக்குத் தெரியாது. விசாரிப்பவர், விசாரிக்கப்படுபவரின் கைக்குள் இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஆணையரின் பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின என்று கேட்பவர்கள், யார் பதவி விலகுவார் என்று கேட்பவர்களைவிட மிகக் குறைவு.

அரசியலில் உடனடி ஒப்புதலுக்கும் முன்மாதிரி இருக்கிறது. ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு தழுவிய ஹர்த்தால் நடத்தும் யோசனை, 1919 மார்ச்சில் சென்னையில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான் காந்திக்கு உதித்தது. ஏப்ரல் 6 அன்று ஹர்த்தால் நடந்தது. அடுத்த சில நாட்களில் காந்தி கைதாக, அகமதாபாத்திலும் வேறு இடங்களிலும் வன்முறை வெடித்தது. ஏப்ரல் 18 அன்று அவர் சத்தியாகிரகத்தை நிறுத்திவைத்தார். அதற்குரிய பக்குவம் வருமுன்பே மக்களை அழைத்தது இமயமலை அளவுத் தவறு என்று நடியாத் கூட்டத்தில் சொன்னார். கேலிசெய்தவர்கள் ஏராளம். அந்த ஒப்புதலுக்காக ஒருபோதும் வருந்தியதில்லை என்று சுயசரிதையில் எழுதினார். ஹர்த்தாலுக்கும் நிறுத்தத்துக்கும் இடையே 12 நாட்கள். அந்த வேகத்தை அவருக்குப் பின்வந்தவர்கள் பின்பற்றவில்லை.

விற்பனைக்கு வந்த சந்தேகம்

ஐயத்தை இவ்வளவு போற்றினால், எதையும் நம்ப மறுப்பவர்களுக்கு அது வசதியாகிவிடாதா என்ற கேள்வி எழலாம். எழ வேண்டிய கேள்விதான். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்ற ஆய்வுகள் 1950-களில் வரத் தொடங்கியதும், அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் 1954 ஜனவரியில் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஒரு விளம்பரம் வெளியிட்டன. ஆய்வுகள் முடிந்த முடிவல்ல, இன்னும் ஆராய வேண்டும் என்பது அதன் தொனி. தங்கள் சரக்கே சந்தேகம்தான் என்று 1969-ல் ஒரு நிறுவனத்தின் உள்குறிப்பு வெட்கமில்லாமல் எழுதிவைத்தது.

அதே விஷயத்தில் ரிச்சர்டு டால் என்ன செய்தார் என்று பார்த்தால் வேறுபாடு புரியும். லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராயத் தொடங்கியபோது, சாலையில் போடும் தாரோ வாகனப் புகையோதான் காரணமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். அவரே புகைபிடிப்பவர். தரவுகள் சிகரெட்டைக் காட்டியதும், ஆய்வு முடிவதற்குள்ளேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். டாலின் ஐயம் அவர் கையிலிருந்த சிகரெட்டையே விசாரித்தது. சிகரெட் நிறுவனங்களின் ஐயம் அடுத்தவர் ஆய்வை மட்டும்தான் விசாரித்தது. எந்தச் சான்று வந்தால் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டால், முன்னவரிடம் பதில் இருக்கும்.

41 ஆண்டுகள்

இந்த இடைவெளி மிக நீண்டும், மிக அதிக விலை கேட்டும் நிற்கும் இடம் நீதிமன்றம். 1976 ஏப்ரல் 28 அன்று, ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெருக்கடிநிலை அமலில் இருக்கும்போது, சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனு போட முடியாது என்றது தீர்ப்பு. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அதற்கு மாறாகச் சொல்லியிருந்தன. தனிப்பட்ட பகைக்காக ஒருவரைப் போலீஸ்காரர் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டபோது, நெருக்கடிநிலை நீடிக்கும்வரை கிடையாது என்றுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொன்னார். ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மாறுபட்டார். அடுத்த ஜனவரியில், பணிமூப்பில் பின்னால் இருந்த எம்.எச்.பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். ஐயத்தைப் பதிவுசெய்தவருக்குக் கிடைத்த கூலி அதுதான்.

விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்தில் கைதானவர்களை அரசு ஏறக்குறைய ஒரு தாயின் பரிவோடு நடத்துகிறது என்று பேக் தன் தீர்ப்பில் எழுதினார். தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன்பே, சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டிருந்தனர். அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். பின்னர் நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் ஆணையம் அந்தத் தாக்குதலை விசாரித்தது. கேரளத்தில், பொறியியல் மாணவர் ராஜன் 1976 மார்ச்சில் போலீஸாரால் அழைத்துச் செல்லப்பட்டார். மகன் எங்கே என்று கேட்டு அவருடைய தந்தை ஈச்சர வாரியரால் 1977 மார்ச்சில்தான், நெருக்கடிநிலை விலகிய பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது. ராஜன் காவலில் இறந்துபோனது வெளிவந்ததும் முதல்வர் கே.கருணாகரன் ஒரே மாதத்தில் பதவி இழந்தார். ஓராண்டு மௌனத்துக்குப் பின் ஒரு மனு செய்த வேலை அது.

நாடாளுமன்றம் 1978-ல் 44-வது திருத்தத்தின் மூலம், நெருக்கடிநிலையிலும் உயிர்வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான பி.என்.பகவதி 2011-ல், அன்று தான் செய்தது தவறு, பலவீனம் என்று பேட்டியில் சொன்னார். 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. ரத்துசெய்யும் பகுதியை எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட், ரத்தான தீர்ப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அவருடைய தந்தை ஒய்.வி.சந்திரசூட். தந்தை–மகன் கதையாக அது நாடெங்கும் பேசப்பட்டது. 41 ஆண்டுகள் ஏன் ஆயின என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

திருத்தவே முடியாத பிழைகளும் உண்டு. மரண தண்டனை விதிக்கும்போது குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியின் சூழலையும் பார்க்க வேண்டும் என்று 1980-ல் பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அதற்கு முரணாக, குற்றத்தின் தன்மையே போதும் என்று ராவ்ஜி வழக்கில் தூக்கு உறுதிசெய்யப்பட்டது. 2009-ல் பாரியார் வழக்கை விசாரித்த அமர்வு, ராவ்ஜி வழக்கின் தீர்ப்பும் அதைப் பின்பற்றிய சில தீர்ப்புகளும் சட்டத்தைக் கவனிக்காமல் அளிக்கப்பட்டவை என்று ஒப்புக்கொண்டது. ராவ்ஜி 1996-லேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார். அதே வரிசையில் சூர்ஜா ராம் 1997-ல் தூக்கிலிடப்பட்டார். இப்படிப் பிழையான தீர்ப்புகளால் மரண தண்டனை பெற்ற 13 பேரின் தண்டனையைக் குறைக்கும்படி, ஓய்வுபெற்ற 14 நீதிபதிகள் 2012-ல் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

உச்ச நீதிமன்றத்துக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அரசமைப்பின் 137-வது கூறு சீராய்வு அதிகாரம் தருகிறது. 2002-ல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில், சீராய்வும் தோற்ற பிறகு கடைசியாக ஒரு மனு போடவும் வழி செய்யப்பட்டது. ஆனால், சீராய்வு மனு கூடியவரை அதே நீதிபதிகளிடமே போகிறது. திறந்த நீதிமன்றத்தில் வாதம் இல்லாமல், அறைக்குள் காகிதங்களைப் பார்த்தே பெரும்பாலும் முடிவாகிறது. தவறு செய்ததாகச் சொல்லப்படுபவரிடமே, வாதாட யாரும் எதிரே நிற்காமல், ‘நீங்கள் தவறு செய்தீர்களா?’ என்று கேட்பதுதான் இந்த ஏற்பாடு. உரிமத்தைப் பறிப்பவரிடம் தவறைச் சொல்ல மாட்டார்கள் என்று 1976-ல் விமானத் துறை புரிந்துகொண்ட உண்மை இங்கே இன்னும் நுழையவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2014-ல் முகமது ஆரிஃப் வழக்கில், மரண தண்டனைக் கைதிகளின் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில், வாய்மொழி வாதத்துடன் விசாரிக்க வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு உத்தரவிட்டது. அந்த வசதியை ஆயுள் தண்டனை வழக்குகளுக்கும், ஜாமீன் கிடைப்பதே அரிதாகிவிட்ட சிறப்புச் சட்ட வழக்குகளுக்கும் நீட்டிக்கலாம். முதல் தீர்ப்பில் பங்கேற்காத ஒரு நீதிபதியாவது சீராய்வு அமர்வில் இருக்க வேண்டும் என்று விதி செய்யலாம். இதற்காக அரசமைப்பைத் திருத்த வேண்டிய அவசியமில்லை. நீதிமன்ற நடைமுறை விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 145-வது கூறு உச்ச நீதிமன்றத்திடமே கொடுத்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இருந்தால், 2013-ன் விதிகளில் சில வரிகளை மாற்றியே இதைச் செய்துவிடலாம்.